ஃப்யூஸ் எங்கே இருக்கிறது?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 76. குளிர்பான ஆலையில் வேலை பார்த்தவர். கழுவி வரும் பாட்டில்களை விளக்கின் முன் உட்கார்ந்து பார்த்து, கீறல் விழுந்ததை எடுத்துப் போடும் வேலை. எப்போதும் அந்தக் கதைதான். நெல்லியாம்பதி எஸ்டேட் பங்களா ஏலத்தில் எடுத்த பழைய மின்சார அடுப்பு, மேலே நான்கு தட்டும் கீழே ஓவனுமாகச் சமையலறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஷாக்குக்கும் பில்லுக்கும் பயந்து என் கணவர் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார். மாமனாரோ தினமும் காலையில் அதைத் திறந்து நோண்டுகிறார். புதிய சமையலறைக்கு வரைபடம் போட்டிருக்கிறோம், அதில் இந்த அடுப்புக்கு இடமில்லை. பழைய இரும்புக்குப் போட அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஃப்யூஸைக் கழற்றியதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், அம்மா. எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. இல்லாத பழுதை ஒரு பெரியவர் தினமும் தேடுகிறார். ஃப்யூஸ் எங்கே என்று தெரிந்த நீங்கள் இருவரும் அதே வீட்டில் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறீர்கள்.

அவர் பார்த்த வேலை என்னவென்று யோசித்தீர்களா? கடைகளிலிருந்து திரும்பி வரும் பாட்டிலில் ஸ்ட்ரா இருக்கும், பீடித்துண்டு இருக்கும். சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறி, அலசப்பட்டு, வெளிச்சத்துக்கு முன்னால் வரிசையாக நகரும். கண் இமைக்கும் நேரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கழுத்தில் மயிரிழைக் கீறல் இருந்தால், வாயு கலந்த பானம் நிரம்பும்போது அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் கண்ணாடி தெறிக்கும். பழுதைக் கண்டுபிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றிய கண் அது. உங்கள் கணவரைப் படிக்க வைத்ததும் அதுதான். அந்தக் கண்ணையே இன்று அவர் சந்தேகப்படும்படி செய்துவிட்டீர்கள். வயதாகிவிட்டது, ஒன்றும் பிடிபடவில்லை என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொள்ள மாட்டாரா?

பாதுகாப்புக்காகச் செய்தோம் என்பீர்கள். அவர் பின்தகட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டிருக்கும் நேரத்தில், விவரம் தெரியாத யாராவது அந்த ஃப்யூஸை எடுத்து மாட்டினால்? வீட்டில் பிள்ளைகள் இல்லையா? அடுப்பைவிட உங்கள் பொய்தான் அங்கே ஆபத்தானது.

பழைய அடுப்பில் பயப்பட வேண்டியது உண்டு, மறுக்கவில்லை. குழாய் வடிவச் சூடேற்றியில் நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பிச் சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மழைக்காற்றில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மின்கசிவு வரலாம். கெட்டுவிட்டது என்று சொன்ன பொய்யை நீங்களே மெய்யாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். உரிமம் உள்ள வயர்மேனை அழைத்து எர்த்தையும் மின்காப்பையும் மெகர் என்ற சோதனைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் போடுங்கள். 16 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 3,600 வாட்தான் தாங்கும். நான்கு தட்டும் ஓவனும் சேர்ந்து எரிய அது போதாது, தனி லைன் வேண்டும். கரண்ட் ஆபீஸில் கேட்டுச் செய்யுங்கள். மிகப் பழைய அடுப்புகளில் கதவு ஓரத்திலும் வயர் உறையிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும். அதை அவர் சுரண்ட வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள், கேட்பார்.

பில் பயமா? 1,500 வாட் தட்டு ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் எரிந்தால் ஒன்றரை யூனிட். இந்தக் கணக்கை அவரிடமே போட்டுக் காட்டியிருக்கலாமே! வீட்டுச் செலவைப் பற்றிப் பேசும் தகுதி அவருக்கு எப்போது போயிற்று? பெற்ற தகப்பனிடம் முடியாது என்று நேருக்கு நேர் சொல்லலாம், சண்டைகூடப் போடலாம். ஏமாற்றக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கதைகளைப் பற்றி ஒன்று. கேட்டு அலுத்துவிட்டது என்கிறீர்கள். இடையில் ஒரு கேள்வியாவது கேட்டதுண்டா? மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்த பாட்டில் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்று மாலையே உங்கள் கணவர் ஃப்யூஸை அவர் கையில் கொடுத்து, நான்தான் கழற்றினேன், தப்பு என்று சொல்லட்டும். நீங்கள் இடையில் புகுந்து சமாளிக்க வேண்டாம். அவர் கோபப்படுவார், ஒரு வேளை சாப்பிடாமலும் இருப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். வயர்மேன் வரும் நாளில் பக்கத்தில் அவர் இருக்கட்டும். சோதனையில் அடுப்பு தேறாவிட்டால் இரும்புக் கடைக்காரரிடம் விலை பேசுவதும் அவர் பொறுப்பு. தேறிவிட்டால், புதிய சமையலறையின் வரைபடத்தை மாற்றுங்கள்.