வாப்பாவிடம் லெப்டொப் கேட்பதற்கு முன்

கேள்வி: ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். வீட்டில் நானா (அண்ணன்) பாவித்த பழைய லெப்டொப் இருக்கிறது. ஐ3 புரொசசர், ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். வரைபடம் வரைகிற ஆட்டோகேட்டைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. கல்முனையில் 285,000 ரூபாய்க்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாப்பா வேளாண்மை செய்கிறார், உம்மா தைக்கிறார். "இருக்கிறதை வச்சுப் படி" என்கிறார் வாப்பா. நானா பைக்கை லீசிங்கில் எடுத்துப் பட்ட பாட்டுக்குப் பிறகு, தவணை என்ற கதையே வீட்டில் எடுக்க முடியாது. சீனியர் ஒருவர், துபாயிலிருந்து ஐ7 ஒன்று 90,000க்கு எடுத்துத் தரலாம், பாதிக் காசு முதலில் வேண்டும் என்கிறார். வாப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? – அக்கரைப்பற்று மாணவி

பதில்: மகள், நானாவின் பைக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, வாப்பாவின் மறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அவர் ஒருமுறை சூடுபட்டவர். லெப்டொப்பின் விலை நியாயமா, பழுதானால் யாரிடம் போவது, இந்தக் காசும் வட்டியில் போய் முடியுமா என்பது ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரியாத சாமானுக்கு மூன்று லட்சம் கிட்டக் கொடு என்றால் எந்தத் தகப்பனும் "இருக்கிறதை வச்சுப் படி" என்றுதான் சொல்வார். கொம்பியூட்டர் திருத்துகிற கடையில் இருக்கிற நான் வாப்பாவின் பக்கம்தான். ஆனால் உங்களுக்கு லெப்டொப் வேண்டும் என்பதும் உண்மை. ஐந்தாம் தலைமுறை ஐ3யில் 4 ஜிபி ரேமோடு பொறியியல் படிப்பு ஓடாது.

முதலில் அந்த 285,000ஐ மறந்துவிடுங்கள். அந்த விலைக்குக் காட்டியது பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கேமிங் ரகமாக இருக்கும். முதல் வருடத்தில் உங்களுக்கு அது வேண்டியதில்லை. 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம்), ஓரளவு அண்மைக்கால ஐ5 அல்லது ரைசன் 5, விண்டோஸ். இவ்வளவும் போதும். 8 ஜிபியோடு வருவதை வாங்குவதானால், ரேமைக் கூட்ட உள்ளே இடமிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சிலவற்றில் ரேமைப் பலகையோடு ஒட்டிவிடுவார்கள், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. முப்பரிமாணத்தில் வடிவமைக்கிற சொலிட்வேர்க்ஸ் மென்பொருள் வந்தால் 16 ஜிபிக்குக் குறைவாகக் கேட்காது. மெக்புக் உங்கள் துறைக்குச் சரிவராது, அந்தக் கதையை விடுங்கள்.

இந்த விபரத்தைப் பீடமே ஒரு பக்கத்தில் அடித்துக் கொடுக்கலாம். பதிவுக்கு வரும்போது எத்தனை படிவம், எத்தனை போட்டோ, பகிடிவதை செய்யமாட்டேன் என்று ஒப்பம், எல்லாம் வாங்குகிறார்கள். என்ன லெப்டொப் வேண்டும் என்று நாலு வரி எழுதித் தருவதற்கு நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆளில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சீனியர்மாரும் பேஸ்புக் வியாபாரிகளும் வந்து நிற்கிறார்கள்.

சரி, வாப்பாவிடம் வருவோம். வாயால் கேட்காதீர்கள், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படிப்புக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரி. இரண்டு மூன்று கடைகளில் எழுதி வாங்கிய விலை, வாரண்டி எத்தனை மாதம், யாருடைய வாரண்டி. நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள், வீட்டிலிருந்து எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும். எழுதிக் கொடுத்தால் வாப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் மாமாவிடம் காட்டுவார், பள்ளிவாசலில் தெரிந்த வாத்தியாரிடம் காட்டுவார். அவர்கள் "ஓம், நியாயமான விலைதான்" என்றால் வேலை பாதி முடிந்தது. நீங்கள் வாயால் சொன்னது அந்த வாத்தியாரிடம் போய்ச் சேரும்போது வேறு ஏதோவாகிவிடும். கூடப் படித்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்ற ஒப்பீடு மட்டும் அந்தத் தாளில் வேண்டாம்.

இன்னொன்று, பழைய லெப்டொப்பை வாப்பாவுக்கு முன்னால் வைத்து ஆட்டோகேட்டைத் திறந்து காட்டுங்கள். ஒன்றும் விளக்கத் தேவையில்லை. அது சுற்றிக்கொண்டே நிற்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்புக்கும் உழவுக்கும் பசளைக்கும் காசு தேடி அலைகிறவரிடம் போய்க் கேட்டால் இல்லை என்றுதான் வரும். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். நெல் விற்று, கடைக்கடனும் மெசின் கூலியும் கொடுத்தபிறகு கையில் என்ன மிஞ்சுகிறதோ, அதைப் பார்த்துப் பேசுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை களஞ்சியத்தைத் திறக்கும்போது பாதி நெல் வியாபாரிக்குப் போயிருக்கும் என்பது நம் பக்கத்தில் போகத்துக்குப் போகம் கேட்கிற புலம்பல். ஆகவே மிஞ்சுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உம்மா சீட்டுக் கட்டுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்த பெண்கள் பிடிக்கிற சீட்டென்றால், நம் ஊரில் அதைவிட நல்ல வங்கி இல்லை.

அறுவடை வரும்வரை பழையதை ஓட்டலாம். உள்ளே ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதென்றால் அதைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு, முடிந்தால் ரேமை 8 ஆக்குங்கள். சிறு செலவுதான். எழுத்து வேலைக்கும் புரோகிராமிங் பழகுவதற்கும் முதல் செமஸ்டர் தாங்கும். வரைதலுக்குப் பீடத்தின் ஆய்வுகூடம் இருக்கிறது.

இனி அந்தத் துபாய் ஐ7. இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஐ7 என்ற பெயரைக் காட்டியே நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்கள். வாப்பா பழைய ட்ராக்டர் ஒன்று பார்க்கப் போனால் கம்பனிப் பெயரோடு விட்டுவிடுவாரா? எந்த வருடத்து மெசின் என்றுதானே முதலில் கேட்பார். இதுவும் அப்படித்தான். 2013இல் வந்த நாலாம் தலைமுறை ஐ7-4600யூவுக்கு இரண்டே கோர், அதாவது கணக்குப் போடுகிற மூளை இரண்டுதான். 2017இல் வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8250யூவுக்கு நாலு கோர். பெயரில் சின்னது, வேலையில் பெரியது. கோட்டுக்குப் பிறகு வருகிற எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை: 4600 என்றால் நாலு, 8250 என்றால் எட்டு, 1135 என்றால் பதினொன்று, 1235 என்றால் பன்னிரண்டு. விண்டோஸ் 11 முறையாக ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அதனால்தான் வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை லெப்டொப்கள் குவியல் குவியலாக மலிவு விலையில் வந்து இறங்குகின்றன. அதை வாங்கி உங்கள் தலையில் கட்டுகிறவருக்கு ஒரு கொமிஷன், நடுவில் நிற்கும் சீனியருக்கு ஒரு கொமிஷன். சீனியர் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் மாதிரி எண்ணைச் சொல்லாமல் "ஐ7" என்று மட்டும் சொல்லிப் பாதிக் காசை முதலில் கேட்டால், ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சாமானைக் கையில் வைத்துப் பார்க்காமல் காசு இல்லை. அவர் முகம் கோணினால் கோணட்டும்.

பாவித்த லெப்டொப்பே கூடாதா என்றால், ஒரே ஒரு வகைக்கு மட்டும் சரி என்பேன். அலுவலகங்களுக்கென்று செய்த ரகம்: டெல் லாட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக். உடம்பு உறுதி, திறந்து திருத்தலாம், உதிரிப்பாகம் கிடைக்கும். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கிடைத்து 16 ஜிபி ரேமும் போட்டால், நீங்கள் பார்த்த 285,000இல் பாதிக்கும் குறைவாகக் காரியம் முடியலாம். வாப்பாவின் தாளில் இதையும் ஒரு வரியாகப் போடுங்கள். ஆனால் கடைக்கே போய், விண்டோஸில் தலைமுறையையும் ரேமையும் நீங்களே பாருங்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அதில் வரும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கறை, கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வளைகுடாவிலிருந்து வந்ததென்றால் கீபோர்டில் அரபு எழுத்தும் இருக்கும், அது குறையில்லை.

இந்த ரகத்தில் பலர் கவனிக்காத ஆபத்து பூட்டு. கம்பனிகள் தங்கள் லெப்டொப்புக்குள் பாஸ்வேர்ட் பூட்டுப் போட்டிருப்பார்கள். மெசினை இயக்கும்போது டெல் என்றால் எஃப்2, லெனோவோ என்றால் எஃப்1, எச்பி என்றால் எஃப்10 ஐ அழுத்தினால் மெசினின் அமைப்புத் திரை வரும். உள்ளே விடாமல் பாஸ்வேர்ட் கேட்டால் அந்த மெசின் வேண்டாம். இன்னொரு பூட்டு இதைவிட மோசம். விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்ததும், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெயர் திரையில் வந்து, அவர்களுடைய ஊழியர் கணக்கைக் கேட்கும். கடையில் அது தெரியாது, ஏனென்றால் அவர்கள் இணையத்தில் இணைக்காமலே விண்டோஸ் போட்டுத் தருவார்கள். மூன்று மாதம் கழித்து நீங்கள் ரீசெட் செய்யும்போதுதான் வெளியில் வரும். அதனால் கடையிலேயே ரீசெட் செய்து, உங்கள் போனின் டேட்டாவில் இணைத்து, கடைசித் திரை வரை போய்ப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கடைக்காரருக்கு அலுப்பாகத்தான் இருக்கும். நல்ல கடைக்காரர் செய்து காட்டுவார்.

தவணை. "அடையாள அட்டைக் கொப்பி போதும், உடனே எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், வீட்டுக்கே வருவார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நுண்கடனில் விழுந்த பெண்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கணக்கு: 150,000 ரூபாய், மாதம் 2 வீதம், 12 மாதம். மாதத்துக்கு 3,000 வட்டி, மொத்தம் 36,000, மாதக் கட்டணம் 15,500. கேட்க 24 வீதம் போலத்தான் இருக்கும். ஆனால் பதினோராம் மாதத்தில் நீங்கள் கொடுக்க மிச்சமிருக்கும் முதற்பணம் 25,000தான், அப்போதும் முழு 150,000க்கும் வட்டி எடுக்கிறார்கள். உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டுகிறது. இதற்கு மேல் பத்திரச் செலவு, காப்புறுதி, ஒருநாள் பிந்தினால் தண்டம். "வட்டியில்லை, சேவைக் கட்டணம் மட்டும்தான்" என்பார்கள். பெயரை மாற்றினால் கணக்கு மாறாது. வாப்பா வட்டிக்கு உடன்படமாட்டார் என்றால் அதோடு பேச்சை விடுங்கள். உம்மாவைப் பிணைக்கு ஒப்பம் வைக்க அழைக்கிற எந்தத் தவணையும் உங்களுக்கு வேண்டாம்.

மகாபொல புலமைப்பரிசில் வரும், அதில் கட்டலாம் என்றும் யாராவது சொல்வார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 5,000இலிருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள், நல்லது. ஆனால் 15,500க்கு அது போதாது, தங்கும் செலவும் சாப்பாடும் அதற்குள்தான். பிள்ளைகள் கம்பஸுக்குப் போய்ப் பல மாதம் கழித்துத்தான் முதல் காசைக் காண்கிறார்கள். வராத காசை நம்பித் தவணை எடுக்க வேண்டாம். வந்தபிறகு மாதம் கொஞ்சம் வாப்பாவுக்குத் திருப்பித் தருவேன் என்று வேண்டுமானால் அந்தத் தாளின் அடியில் எழுதுங்கள். அவர் வாங்கமாட்டார். இருந்தாலும் எழுதுங்கள்.

வாங்குகிற அன்று வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசை அவரே எண்ணிக் கொடுக்கட்டும். பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது கடைக்காரரின் கடமை. லெப்டொப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். புதியதென்றால் அதே எண்ணைக் கம்பனியின் இணையத்தளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று கடையிலிருந்தே பாருங்கள். கடை வாரண்டி மட்டும்தான் என்றால் விலை குறைய வேண்டும். திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தால் கூரியர் செலவு யாருடையது என்பதையும் பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். பில் தராமல் இழுத்தடித்தால் வேறு கடைக்குப் போங்கள். வாங்கியபிறகு ஏமாற்றினால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். உடனே ஆள் வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.