வார்டு கவுன்சிலரின் வருகைப் பதிவை மட்டும் பார்த்தால் போதுமா?

"எங்கள் வார்டு கவுன்சிலர் மன்றக் கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போகிறாரா, அங்கே என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் வருகைப் பதிவேட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அஜெண்டாவையும் (கூட்டத்தில் பேசப்போகும் பொருள்களின் பட்டியல்) தீர்மான நகல்களையும் சேர்த்தே கேளுங்கள்.

எங்கள் ஊர் நகராட்சியில் ஓராண்டுக் கூட்டங்களின் ஆவணங்களை வாங்கிப் படித்தேன். எங்கள் வார்டு உறுப்பினரின் கையெழுத்து எல்லாக் கூட்டத்திலும் இருந்தது. தீர்மானங்களில் அவர் பெயரைத் தேடினால் ஒரு கேள்வி இல்லை, ஒரு ஆட்சேபணை இல்லை. பக்கத்து வார்டு அம்மா சில கூட்டங்களுக்கு வரவில்லை. ஆனால் வந்த கூட்டங்களில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. அவர் வார்டின் மழைநீர் வடிகால் தீர்மானமாகி, டெண்டர் வரைக்கும் போயிருக்கிறது. எனக்கு அவர்தான் நல்ல கவுன்சிலர்.

தொடர்ந்து கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போகும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதனால் கையெழுத்துப் போட எப்படியும் வந்துவிடுவார்கள். உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, ஏற்கெனவே செய்துவிட்ட அவசரச் செலவு என்று வரிசையாக 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்' வரும். ஒரே மோட்டாருக்கு ஏன் திரும்பத் திரும்பச் செலவு, அந்தக் குழாய் எந்தத் தெருவில் உடைந்தது என்று ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். யாரும் கேட்காமல் 'ஆல் பாஸ்' ஆவது நம் சொத்து வரிப் பணம்.

தமிழ்நாட்டில் 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000, நகராட்சிக்கு 5,000, பேரூராட்சிக்கு 2,500 ரூபாய் மதிப்பூதியம் தருகிறார்கள். காலையில் தண்ணீர் லாரிக்கும் ராத்திரியில் தெருவிளக்குக்கும் ஓடுகிற ஒருவருக்கு இது குறைவுதான், கூட்டித் தரலாம் என்பேன்.

இன்னொன்று. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஆனால் பல வார்டுகளில் கணவர்தான் கவுன்சிலராக வலம்வருகிறார். மன்றத்தில் பேச அந்தக் கணவருக்கு உரிமை கிடையாது. உங்கள் மனுவை அந்த அம்மாவின் கையிலேயே கொடுங்கள், அவரிடமே பேசுங்கள்.

அப்புறம், வார்டு மக்கள் பகுதி பகுதியாகக் கவுன்சிலரோடு கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறது, 2022 நவம்பர் 1-இல் தொடங்கியது. பலருக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் தெருப் பிரச்சினையை அங்கே சொல்லி, குறிப்பில் எழுதச் செய்யுங்கள். அடுத்து வரும் மன்ற அஜெண்டாவில் அது ஏறியதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் காரணத்தை அடுத்த சபையில் எல்லார் முன்னாலும் கேளுங்கள்.