காக்கியைக் கண்டால் அப்பா ஏன் பேச மறுக்கிறார்?

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 29 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தேன். ஊட்டி நீதிமன்றத்தில் ஐந்து வருடமாக வக்கீல். இந்த முறை சிவில் சர்வீஸ் தேர்வில் ஐ.பி.எஸ். கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஜே ஜான்சன் என்ற வழக்கறிஞர் 2013இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலரானதைப் படித்த நாளிலிருந்து எனக்கும் அப்படி ஒரு கனவு. ஆனால் ரிசல்ட் வந்ததிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி சிறுவனாக வந்தவர். கொழுந்து பறித்த கூலியில்தான் எனக்குக் கருப்புக் கோட்டு வாங்கினார்கள். லைனுக்குள் போலீஸ் ஜீப் வந்தால், இன்றும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்வார். "இந்தக் கருப்புக் கோட்டைக் கழற்றிப் போடவா படிச்சே?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். துரோகம் செய்கிறேனோ என்று தூக்கம் வரவில்லை.

– பெயர் வேண்டாம், நீலகிரி

அன்புச் சகோதரிக்கு,

கருப்புக் கோட்டைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். அரசு வேலையில் சேரும்போது பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவுதான். வேலையை விட்டு வந்தால் மறுபடி தொடங்கலாம். நீங்கள் சொன்ன ஜான்சனும் 2017இல் பதவி முடிந்ததும் வக்கீல் தொழிலுக்கே திரும்பினார்.

ஆனால் அப்பாவின் வருத்தம் கோட்டு பற்றியதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பாஸ்போர்ட் வருகிற வரியை மூன்று முறை படித்தேன். "நீ யார், எந்த ஊர்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. அந்தக் கேள்விக்கும் தனக்கும் நடுவில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் மகளை வக்கீலாக்கியிருப்பார் என நினைக்கிறேன். இப்போது அந்த மகளே ஜீப்பிலிருந்து இறங்கப் போகிறாள். அவர் வாயடைத்துப் போனதில் ஆச்சரியமில்லை.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதை நீங்கள் பெயில் கேட்டு நின்ற இடத்திலிருந்து அறிந்தவர். அந்த அறிவோடு காக்கி போடுவது வேறு விஷயம். இதை நான் மனதார நம்புகிறேன். அதற்காக இதை அப்பாவிடம் வாதமாக வைக்காதீர்கள். அவர் நீதிபதி இல்லை.

முசோரிக்குப் பயிற்சிக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்காருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கப்பல், வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாம், முதல் தோட்டம் எல்லாம் கேளுங்கள். அப்புறம், போலீஸோடு அவருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். அவர் சொல்லி முடிக்கட்டும்.