வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணீரில் கயாக்: வாசகர் கேள்விகள்

கொரோனாவால் மூடியிருந்த சென்னைக் கடற்கரைகள் 2020 டிசம்பர் 14 அன்று திறந்ததிலிருந்து கயாக் (துடுப்புப் போட்டுப் போகும் குறுகிய சிறு படகு) பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். பெரும்பாலும் சென்னைக்குத் தெற்கே போகும் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை), ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்துக்காரர்கள். இதை எழுதியது பிப்ரவரி 2021-இல்; அப்போது தொற்று குறைந்திருந்ததே தவிர, போய்விடவில்லை. அதை மனதில் வைத்தே பதில் சொன்னேன்.

கயாக் எனக்குப் புதிது. ஈ.சி.ஆரில் உள்ள முட்டுக்காட்டில் கடலில் இறங்கலாமா, கழிமுகத்திலா? (சோழிங்கநல்லூர்)

கழிமுகத்தில். அதிலும் ஈ.சி.ஆர். பாலத்துக்கு மேற்கே உள்ள அகன்ற தண்ணீரில். முகத்துவாரம் திறந்திருக்கும்போது, வற்றத்தில் தண்ணீர் பாலத்தின் கீழே கடலை நோக்கி இழுக்கும். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான், ஆனால் குறுகிய முகத்துவாரத்தில் அந்த இழுப்பை எதிர்த்துத் துடுப்புப் போடப் புதியவர்களால் முடியாது. எங்கே இறக்குவது, எங்கே வலை கட்டியிருக்கிறது என்று முதலில் அங்குள்ள மீனவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. வலையைச் சுற்றிப் போங்கள், தண்ணீரில் இறங்கி இறால் பிடிப்பவர்களிடமிருந்து நன்றாகத் தள்ளியே போங்கள்.

விடிந்ததும் இறங்கி, கடல்காற்று எழும்புவதற்குள் கரையேறிவிடுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வரும். காற்றடைக்கும் கயாக் வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். எடை குறைவு என்பதால் காற்று அதை எளிதாக அடித்துக்கொண்டு போய்விடும்.

இந்த நேரத்தில் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: கவிழ்ந்தால், யாரும் கைகொடுக்காமல் நீங்களே ஏறிக்கொள்ள முடியுமா? காப்பாற்ற வருபவர் உங்கள் முகத்துக்கு மிக அருகே மூச்சுவாங்க வேண்டிவரும். அப்புறம் ஆஸ்பத்திரி, அங்கே இன்னும் நாலு பேர். அதனால் இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். மேலே உட்காரும் வகைக் கயாக் என்றால், அதைத் திருப்பிப் போட்டு, காலை உதைத்து வயிற்றால் குறுக்கே ஏறி, பிறகு புரண்டு உட்காருங்கள். இது கைவராதவரை ஆழத்துக்குப் போக வேண்டாம்.

தண்ணீரிலும் மாஸ்க் போட வேண்டுமா? (நீலாங்கரை)

வேண்டாம். நனைந்த மாஸ்க் மூக்கில் ஒட்டி மூச்சை அடைக்கும். கரையில் இருக்கும்போது போடுங்கள். உலர்ந்த மாஸ்க் ஒன்றைத் தண்ணீர் புகாத பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் நாலு பேர் ஒரே காரில் போகலாமா? (மேடவாக்கம்)

தனித்தனியாகப் போங்கள். திறந்த வெளியில், ஆளுக்கொரு கயாக்கில் தள்ளித் தள்ளிப் போவதில் தொற்று ஆபத்து மிகக் குறைவு. கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்ட காரில்தான் பயப்பட வேண்டும்.

வாடகை லைஃப் ஜாக்கெட்டை எப்படிச் சுத்தம் செய்வது? (திருவான்மியூர்)

சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காய வையுங்கள். பிளீச்சிங் போட்டால் துணியும் பட்டையும் நைந்துவிடும். சொந்தமாக ஒன்று வாங்க முடிந்தால் நல்லது. எப்படியானாலும் அது இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும் சரி.

அடையாறு முகத்துவாரம் வீட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே? (பெசன்ட் நகர்)

வேண்டாம், அங்கே சாக்கடை கலக்கிறது. முட்டுக்காட்டுத் தண்ணீரும் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கரணைப் பக்கத்து வெள்ளம் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக அங்கேதான் வந்து சேர்கிறது. மழை பெய்து சில நாள் ஆகட்டும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வரலாம்.

கொரோனா வந்து தேறிவிட்டேன். எப்போது துடுப்பு எடுக்கலாம்? (கேளம்பாக்கம்)

அறிகுறி எதுவும் இல்லாமல் குறைந்தது 7 நாள் போகட்டும். அதற்கப்புறம் 2 வாரம் நடை, லேசான உடற்பயிற்சி மட்டும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, மூச்சு முட்டினாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் என்றால் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே ஆரம்பியுங்கள். முதல் சில தடவை கரையை ஒட்டி, கூட ஒருவர் இன்னொரு கயாக்கில் வர, அரை மணி நேரம் போதும்.