விரல் வீக்கத்துக்கு புளூபெரி போதுமா?

கேள்வி: வயது 43. மூன்று மாதமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை, வீக்கமும் இருக்கிறது. குடல் சரியானால் மூட்டும் சரியாகும் என்று யூடியூபில் சொன்னதால் தினமும் புளூபெரி, ஸ்ட்ராபெரி சாப்பிடுகிறேன். வயிறு உப்புகிறது. விதைகள் குடலில் தங்கிவிடுமா? வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறேன். என் அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்து விரல்கள் கோணிப்போயின.

பதில்: விதை தங்காது, அதை விடுங்கள். உங்கள் விரலும் கோணிவிடுமோ என்பதுதானே பயம்? பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் பழத்தால் முடியாது.

காலை விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். வெறும் மூட்டுத் தேய்மானம் என்றால் பொதுவாக அரை மணிக்குள் கை வழிக்கு வந்துவிடும். ஒரு மணி நேரமாகியும் விடவில்லை, விரல்களின் அடிக்கணுவும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் வீங்கியிருக்கின்றன, ஆறு வாரத்தையும் தாண்டிவிட்டது என்றால் முடக்குவாதமா என்று பார்த்தே ஆகவேண்டும். உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய் அது. முதல் ஓரிரு வருடத்திலேயே எலும்பை அரிக்க ஆரம்பித்துவிடும். அரித்த எலும்பு பழையபடி ஆகாது. உங்களுக்கு ஏற்கெனவே மூன்று மாதம் போய்விட்டது. இந்த வாரமே ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, வாத நோய் நிபுணர்) ஒருவரைப் பாருங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் எடுக்கச் சொல்வார். ஆர்.ஏ. நெகட்டிவ் என்று வந்ததும் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நெகட்டிவ்வாக இருந்தும் நோய் உள்ளவர்கள் நிறையப் பேர். நோய் உறுதியானால் மெத்தோட்ரெக்ஸேட் தரக்கூடும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மருந்து, தினமும் அல்ல. 'அது கேன்சர் மருந்தாச்சே' என்று இணையம் பயமுறுத்தும். கேன்சருக்குத் தரும் அளவு வேறு, இது வேறு.

பெரிகளை நிறுத்த வேண்டாம். நார்ச்சத்து குடலுக்கு நல்லதுதான். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் ஸ்ட்ராபெரியை வைத்துச் செய்த சிறு ஆய்வில் வலி குறைந்ததும் உண்மை. அது தேய்மானம், உங்கள் சந்தேகம் வேறு. உப்புசத்துக்கு அளவைப் பாதியாக்குங்கள். விலை கட்டவில்லையென்றால் சீசனில் நாவல்பழம் வாங்குங்கள், அதே கருநீல நிறமி அதிலும் இருக்கிறது.

அந்த டைக்ளோஃபெனாக் மீதுதான் எனக்குக் கோபம். சீட்டில்லாமல் இத்தனை நாள் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கும் கேடு. புளூபெரியாலும் மலம் கறுக்கலாம். ஆனால் தார் போலப் பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனால் ரத்தக் கசிவாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ருமட்டாலஜிஸ்ட்டிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள்.