முதுமலைக்கு வேன்ல குடும்பத்தோட: கேளுங்க, சொல்றேன்

அரையாண்டு லீவுக்கு நம்ம வடசென்னையில இருந்து முதுமலைக்கு வேன் கட்டுற குடும்பங்க அதிகம். படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க் போட்டு மாத்தின வேனோ, வாடகை டிராவலரோ, வண்டி, பாதை, காடு மூணைப் பத்தியும் கேளுங்க. ரிசார்ட் வாடகை எனக்குத் தெரியாது.

திருவொற்றியூர்: மேட்டுப்பாளையம் வழியா, மைசூரு வழியா?

மஞ்சள் போர்டுன்னா மேட்டுப்பாளையம். மைசூரு பக்கம் போனா கர்நாடகா வரி தனியா கட்டணும். அதோட அந்த வழியில வர்ற பந்திப்பூர் காட்டு ரோடு 2009ல இருந்து ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடல். காட்டுக்கு முன்னால வர்ற குண்டுலுப்பேட்டையில எட்டு மணி ஆயிட்டா அங்கேயே தங்கிடுங்க. கேட்டைப் பிடிக்கணும்னு காட்டுக்குள்ள வேகமா ஓட்டினா குறுக்க மான் வரும். எந்த வழியா போனாலும் நீலகிரிக்கு இ-பாஸ் வேணும், 2024 மே 7ல இருந்து. முதுமலைக்குப் பக்கத்துல இருக்கிற மசினகுடியும் நீலகிரிதான்.

காசிமேடு: ஊட்டியில இருந்து கல்லட்டி வழியா இறங்கினா கிட்டதானே அண்ணே?

கிட்டதான், ஆனா 36 கொண்டை ஊசி. நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டியை அதுல இறங்க விடமாட்டாங்க. கூடலூர் சுத்திப் போங்க: ஊட்டி–கூடலூர் 50 கிலோமீட்டர், அங்கிருந்து முதுமலைக்குள்ள இருக்கிற தெப்பக்காடு 18. அந்த இறக்கத்துலயும் நியூட்ரல் கூடாது.

கொருக்குப்பேட்டை: நான் டிரைவர். இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம். ஏன் கூடாதுங்கிறீங்க?

மிச்சமே ஆகாது தம்பி. இப்ப வர்ற காமன் ரெயில் இன்ஜின்ல, அதாவது கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுற இன்ஜின்ல, கியர்ல வச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, டீசல் உள்ள போறதே நின்னுடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுத்துது. நியூட்ரல் போட்டா இன்ஜின் அணையாம இருக்கிறதுக்காகவே டீசல் எரியும். ஆக, செலவும் கூட, வண்டியை இன்ஜின் இழுத்துப் பிடிக்கிற பிடிப்பும் போச்சு.

அதே தம்பி: பழைய பம்ப் வண்டியில அப்பா முப்பது வருஷம் அப்படித்தான் ஓட்டினாரு.

அப்பாவோட அனுபவத்தைக் குறைச்சு சொல்லல. ஆனா பழைய பம்புலயும் டீசலை அளந்து விடுற கவர்னர் அதை அடைச்சிடும், கணக்கு மாறாது. சில பேர் ஒரு படி மேல போய் சாவியையே திருப்பிடுறாங்க. இன்ஜின் நின்னா, மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தர்ற பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்காது. ரெண்டு மூணு தடவை மிதிச்சதும் பெடல் கல்லாயிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிடும்.

எண்ணூர்: அப்ப எப்படித்தான் இறங்குறது?

எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. ஆள் நிறைஞ்ச டிராவலருக்குப் பெரும்பாலும் ரெண்டாவது. வேகம் 25, 30. வேகம் கூடினா அழுத்தமா மிதிச்சு 20க்குக் கொண்டுவந்து காலை முழுசா எடுங்க. லேசா மிதிச்சபடியே வந்தா பிரேக் லைனிங் ஆறவே நேரம் கிடைக்காது. கருகின வாடை முதல் எச்சரிக்கை. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா பிரேக் ஆயில் கொதிக்குதுன்னு அர்த்தம். உடனே கியரை இறக்கி, அகலமான இடத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, அரை மணி ஆற விடுங்க. தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, சூட்டுல டிரம்மும் டிஸ்க்கும் வெடிப்பு விடும்.

நம்ம பக்கத்து வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், கடலோரத்துல ஈரத்துக்குக் குறைவே இல்ல. புது டாட் 3 ரக பிரேக் ஆயில் கொதிக்க 205 டிகிரி வேணும். ஈரம் ஏறினா 140 போதும். பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பாருங்க: தேன் நிறம் போய் டிக்காக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தா மலை ஏறவே கூடாது, மாத்துங்க. உப்புக்காத்துல பிரேக் பைப் துருப்பிடிக்கும், அதையும் விரலால தடவிப் பாருங்க. அப்புறம் இன்ஜின் ஓடும்போது பெடலை 30 விநாடி அமுக்கிப் பிடிங்க. மெல்ல மெல்ல உள்ள போனா, பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டர்ல சீல் தேஞ்சிருக்கு.

பெரம்பூர்: ராத்திரி வேன்ல ஏசி ஓடுமா?

ஓடாது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில 1.2 யூனிட்தான் இருக்கு. லெட் ஆசிட்னா பாதிக்கு மேல இறக்கக்கூடாது. ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கும். சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளுக்கு 45 ஆம்பியர்-மணி, ஃபேன் ராத்திரிக்கு 13. இதுக்கே பகல்ல வண்டி ஓடிச் சார்ஜ் ஏறணும். டிசம்பர் குளிருக்குப் போர்வை போதும்.

தண்டையார்பேட்டை: வீட்டு சிலிண்டரை ஏத்திக்கலாமா அண்ணே?

வேண்டாம்மா. காலி சிலிண்டர் எடையோட 14.2 கிலோ கேஸும் சேர்ந்தா ஏறக்குறைய 30 கிலோ, வளைவுல உருளும். 5 கிலோ போதும், நிமிர்த்திக் கட்டி, ரெகுலேட்டரைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. கேஸ் காத்தை விடக் கனம், தரையிலதான் தேங்கும். அதனால வென்ட் தரை மட்டத்துல இருக்கணும், மேல ஜன்னல் திறந்திருந்தா பத்தாது. காட்டு ரோட்ல அடுப்பு பத்தவைக்கவே கூடாது.

மூலக்கடை: மோயாறு ஓரமா வேனை நிறுத்தித் தூங்கலாமா?

கூடாது. காட்டு ரோட்ல நிறுத்தவே விடமாட்டாங்க. மசினகுடியில தங்குமிடத்து காம்பவுண்டுக்குள்ள நிறுத்துங்க.

காசிமேடு: கருவாடு கொண்டு போறோம், வாடைக்கு ஏதாவது வருமா?

இறுக்கமா மூடுற டப்பாவுல போடுங்க. யானைக்காக நீங்க பயப்பட வேண்டியது அரிசி, உப்பு, வெல்லம், வாழைத்தார். ஜன்னலோரம் அதை வச்சுட்டு ராத்திரி வேன்ல படுக்காதீங்க.

ராயபுரம்: பந்திப்பூர் கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்க?

மேல சொல்லியாச்சு. ராத்திரி 9.

மணலி: ரோட்ல யானை நின்னா?

தள்ளியே நிறுத்துங்க. ஹாரன், ஹை பீம் ரெண்டும் வேண்டாம். இன்ஜின் ஓடட்டும், கிட்ட வந்தா திருப்பாம நேரா ரிவர்ஸ். பிள்ளைங்க கத்தாம பாத்துக்கங்க, போனுக்காக யாரும் கதவைத் திறக்கக்கூடாது.

வியாசர்பாடி: கோத்தகிரி இறக்கம் லேசுதானே, கொஞ்ச தூரம் நியூட்ரல்ல...

கூடாது. எந்த இறக்கமா இருந்தாலும் கியர்ல இறங்குங்க.

கொடுங்கையூர்: தண்ணி பாட்டில் பிடுங்குறாங்களாமே?

5 லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரியில தடை. 20 லிட்டர் கேன் ஒண்ணு, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கங்க. கேனை வேன் மேல கட்டாதீங்க, கீழ ரெண்டு அச்சுக்கு நடுவுல வையுங்க. தண்ணி டேங்க் 100 லிட்டர்னா 100 கிலோ, அது கூரையில இருந்தா ஒவ்வொரு வளைவுலயும் வண்டி சாயப் பாக்கும்.