தயங்கியவரும் தயங்காதவரும்

கேள்வி: பிப்ரவரி 15 வந்தால் பள்ளிகளிலும் முகாம்களிலும் 1942-இல் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்த கதையைச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, அப்போது பிரிட்டிஷ் தரப்புப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெர்சிவல் ஒரு கோழை. யோசித்து யோசித்தே ஊரைக் கோட்டைவிட்டார். நெருக்கடி வந்தால் உடனே முடிவெடுத்து, அதட்டி வேலை வாங்குபவர்தான் தலைவர். என் மகன் தேசிய சேவையில் இருக்கிறான். பயிற்சியின்போது உத்தரவு புரியவில்லை என்று கேட்டதற்கு, அவனுடைய செக்‌ஷன் கமாண்டர் எல்லார் முன்னாலும் திட்டினாராம். "ராணுவத்தில் கேள்வி கேட்கக் கூடாது" என்று நானும் சொல்லி அனுப்பினேன். சரிதானே?
— ஈசூன் வாசகர்

பதில்: சரியில்லை ஐயா. பெர்சிவலைப் பற்றிச் சொன்னதும் சரியில்லை, மகனிடம் சொன்னதும் சரியில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிற தவறு என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் கோழை என்ற பழியை எடுத்துவிடுவோம். பெர்சிவல் 1914-இல் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் காயம்பட்டு, மிலிட்டரி கிராஸ், டி.எஸ்.ஓ. ஆகிய பதக்கங்களைப் பெற்றவர். மூளைக்கும் குறைவில்லை. 1937-இல் அவர் இதே மலாயாவில் ராணுவத் தலைமையகத்தில் பணியாற்றினார். ஜப்பானியர்கள் சிங்கப்பூரைக் கடல் பக்கமாக வந்து தாக்க வேண்டியதில்லை, வடக்கே தாய்லாந்திலும் கிளந்தானிலும் இறங்கித் தீபகற்பத்தின் வழியாகக் கீழே வரலாம் என்று அப்போதே மதிப்பிட்டு எழுதிக்கொடுத்தவர் அவர்தான். 1941 டிசம்பர் 8 அன்று தாய்லாந்தின் சொங்க்லாவிலும் கிளந்தானின் கோத்தா பாருவிலும் அவர்கள் அப்படியேதான் இறங்கினார்கள். நான்கு வருடங்களுக்கு முன்பு காகிதத்தில் சரியாகக் கணித்தவர், அதுவே கண்ணெதிரில் நடந்தபோது ஏன் தடுமாறினார்? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அவருடைய தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் ஐவன் சிம்சன். 1941 டிசம்பர் கடைசியில் ஓர் இரவு சிம்சன் அவரைப் போய்ப் பார்த்தார். தீவின் வடகரையில் முள்கம்பி வேலி, கண்ணிவெடி, டாங்கித் தடுப்பு எல்லாம் அமைக்க வேண்டும், அதற்கான பொருள்கள் இருக்கின்றன, இப்போதே தொடங்கலாம் என்று மன்றாடினார். பெர்சிவல் சம்மதிக்கவில்லை. அரண் கட்டினால் படைவீரர்களும் பொதுமக்களும் மனம் தளர்ந்துபோவார்கள் என்று காரணம் சொன்னார். சிம்சனே இதைப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

அது என்ன நேரம் என்று பாருங்கள். மலாயாவின் வடக்கே ஜித்ராவில் படை சிதறிவிட்டது. பினாங்கு கைவிடப்பட்டுவிட்டது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் டிசம்பர் 10 அன்றே குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிவிட்டன. இதற்கு மேலும் மன உறுதி கெட என்ன இருக்கிறது? வடகரையில் அரண் கட்ட வேண்டுமென்றால், மலாயா கைநழுவுகிறது என்று முதலில் அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. தன்னுடைய கலக்கத்தை மற்றவர்களின் மன உறுதி என்று சொல்லி மூடிவிட்டார். அவருடைய தவறு யோசித்ததில் இல்லை. யோசிக்க வேண்டிய விஷயத்தைத் தன் மேசைக்கு வரவிடாததில் இருக்கிறது.

இதே கதைதான் பிறகும் நடந்தது. ஜனவரி 31 அன்று படை தீவுக்குள் ஒதுங்கியது, ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது. எதிரி வடமேற்கில் வருவான் என்று மேலே இருந்த ஜெனரல் வேவல் நினைத்தார். பெர்சிவலோ வடகிழக்கை எதிர்பார்த்து, புதிதாக வந்திறங்கிய பிரிட்டிஷ் 18-வது டிவிஷனை அந்தப் பக்கம் நிறுத்தினார். புலாவ் உபினில் ஜப்பானியர்கள் காட்டிய போக்கு அவருடைய எண்ணத்தை உறுதிப்படுத்தியது. அது வெறும் ஏமாற்று. ஆஸ்திரேலிய ரோந்துக்காரர்கள் நீரிணையைத் தாண்டிப் போய், எதிர்க்கரையில் பெரும் படை குவிந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். படை வரிசையோ மாறவில்லை. பிப்ரவரி 8 இரவு வடமேற்கே சரிம்பூன் பக்கம் இரண்டு ஜப்பானிய டிவிஷன்கள் கரையேறின. அங்கே அவர்களை எதிர்கொள்ள இருந்தது டிவிஷனைவிடச் சிறிய படைப்பிரிவான ஒரே ஓர் ஆஸ்திரேலிய பிரிகேட்.

இப்போது உங்கள் மகனுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 10. கிராஞ்சி ஆற்றின் தலைப்பிலிருந்து ஜூரோங் ஆற்றின் தலைப்பு வரை ஒரு தற்காப்புக் கோடு. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்தக் குறுகிய நிலத்தைப் பிடித்து நின்றால் எதிரியை மேற்கிலேயே நிறுத்த முடியும். அதையும் இழந்தால் நகரைச் சுற்றி எங்கெங்கே நிற்பது என்று பெர்சிவல் ஒரு ரகசியக் குறிப்பை எழுதி மூத்த தளபதிகளுக்கு அனுப்பினார். 'இழந்தால்' என்ற நிபந்தனைதான் அந்தக் குறிப்புக்கு உயிர். அது ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி ஒரு பிரிகேடியரின் கைக்குப் போனது. அவர் இரண்டு நாள் சண்டையில் களைத்துப்போயிருந்தார். இப்போதே பின்வாங்கச் சொல்கிறார்கள் என்று அதைப் படித்தார், தன் ஆட்களை நகர்த்தினார். ஒருவர் விலகியதும் பக்கத்தில் நின்றவர்களின் ஓரம் திறந்துகொண்டது. அன்று இருட்டுவதற்குள் அந்தக் கோடே இல்லை. மறுநாள் காலையில் புக்கிட் தீமா எதிரியின் கையில். உணவு, எரிபொருள் கிடங்குகள் இருந்த பகுதி அது.

இரண்டே வார்த்தை போதுமாயிருந்தது: "இப்போதா? பிறகா?" தந்தி கம்பிகள் அறுந்துகிடந்தன, ஆள் அனுப்பிக் கேட்பது கடினம், எல்லாம் உண்மை. ஆனால் குறிப்பை எழுதியவரும் இது எப்படிப் படிக்கப்படும் என்று பார்க்கவில்லை. கீழே கடத்திய அதிகாரிகளும் பெறுபவருக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்யவில்லை. தன் மகன் உத்தரவு புரியவில்லை என்று கேட்டதை ஒரு தகப்பன் குற்றமாக நினைக்கும்போது எனக்கு இந்தப் பிப்ரவரி 10-தான் ஞாபகம் வருகிறது. மன்னியுங்கள், இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒன்றை மட்டும் பெர்சிவலுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 15 அன்று ஃபோர்ட் கேனிங் நிலவறையில் கூடிப் பேசி, சரணடைவது என்று எடுத்த முடிவை நான் குறைசொல்ல மாட்டேன். தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, தண்ணீர் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் நிலை. ஊர் முழுக்க அகதிகள். தளபதிகள் படையோடு சாக வேண்டும் என்று லண்டனிலிருந்து சர்ச்சில் எழுதியிருந்தார். எதிரில் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவுக்கும் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, படையிலும் அவர் பக்கம்தான் குறைவு. அது பெர்சிவலுக்குத் தெரியாது. தெரிந்ததை வைத்து, தன் பெயர் காலத்துக்கும் கெடும் என்று அறிந்தே, சரணடைய ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு நடந்து போனார். ஜனங்களை நினைத்து எடுத்த முடிவு அது. அந்தத் தெளிவு இரண்டு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

சரி, உங்கள் இரண்டாவது வாதம்: உடனே முடிவெடுப்பவர், அதட்டுபவர், தயங்காதவர். அப்படி ஒருவரும் அதே பிப்ரவரியில் இந்தத் தீவில்தான் இருந்தார். ஜொகூர் நீரிணையைத் தாண்டிவந்த ஜப்பானிய 18-வது டிவிஷனின் தளபதி முத்தாகுச்சி ரென்யா. அவரைக் கோழை என்றோ தயங்குபவர் என்றோ யாரும் சொன்னதில்லை. 1943-இல் பர்மாவில் 15-வது ராணுவத்துக்குத் தலைவரானார். மலைகளைத் தாண்டி இந்தியாவின் இம்பாலைப் பிடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டார். அந்த மலைப் பாதையில் சோறும் குண்டும் கொண்டுசேர்க்க வழியில்லை என்று சொன்ன அவருடைய தலைமை அலுவலர் ஒபாட்டாவைப் பதவியிலிருந்து தூக்கினார். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்?

1944 மார்ச்சில் புறப்பட்ட படையிடம் ஏறத்தாழ மூன்று வாரச் சாப்பாடு. அதற்குள் இம்பாலின் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. பிடிக்க முடியவில்லை. மழை வந்தது. இம்பாலுக்கு வடக்கே கோஹிமாவில் இருந்த 31-வது டிவிஷனின் தளபதி சாட்டோ, உணவு கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, மே இறுதியில் உத்தரவை மீறித் தன் ஆட்களைப் பின்னால் கொண்டுவந்தார். அவரையும் சேர்த்து மூன்று டிவிஷன் தளபதிகளையுமே முத்தாகுச்சி நீக்கினார். அந்தப் போரில் ஜப்பானியத் தரப்பு இழந்தது 50,000 பேருக்கு மேல். செத்தவர்களில் பெரும்பகுதியினரைக் கொன்றது பட்டினியும் நோயும்தான். சிங்கப்பூரில் உருவான இந்திய தேசிய ராணுவத்தின் படைகளும் அங்கேதான் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தன. நம் தாத்தாக்களின் தலைமுறையில் அந்த ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் கேளுங்கள். ஜூன் மாதம் மேலதிகாரி கவாபே நேரில் பார்க்க வந்தபோது, போரை நிறுத்திவிடலாம் என்ற சொல் தன் தொண்டை வரை வந்தது, வாயைவிட்டு வரவில்லை, முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன் என முத்தாகுச்சியே பின்னாளில் சொன்னார். கவாபேயும் கேட்கவில்லை. இரண்டு தளபதிகள் எதிரெதிரே உட்கார்ந்து, இருவருக்கும் தெரிந்த உண்மையை இருவரும் சொல்லாமல் எழுந்தார்கள். அந்தச் சந்திப்புக்குப் பிறகும் வாரக்கணக்கில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதட்டத் தெரிந்தவருக்கு உண்மையைச் சொல்லத் தெரியவில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது.

எதிர்த்தரப்பில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம் இருந்தார். கோஹிமாவுக்கு ஒரு டிவிஷன் முழுவதும் வந்து சேரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தப்புக் கணக்குத்தான். ஆனால் நிலைமை தெரியவந்ததும் பர்மாவின் அரக்கான் பகுதியிலிருந்து படைகளை விமானத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். தப்பு தன்னுடையது என்றே பிற்பாடு எழுதினார். கெட்ட செய்தி அவரிடம் வந்து சேர வழி திறந்திருந்தது.

இனி உங்கள் மகன். குண்டு பாயும் நேரத்தில் நின்று விவாதிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. உத்தரவு வந்துவிட்டால் செய்ய வேண்டியதுதான். ஆனால் அவன் கேட்டது உத்தரவை மறுத்து அல்ல, புரியவில்லை என்று. பயிற்சிக் களம் இருப்பதே அதற்குத்தான். டெக்கோங்கிலோ பாசிர் லாபாவிலோ புரியாததை விழுங்கப் பழகியவன், உண்மையான நெருக்கடியில் திடீரென்று வாய் திறந்து கேட்க மாட்டான். அந்த செக்‌ஷன் கமாண்டரை நான் கெட்டவர் என்று நினைக்கவில்லை. அவருக்கும் இருபது வயது இருக்கும். மேலே பிளட்டூன் கமாண்டர், பக்கத்தில் எஞ்சிக் என்று அழைக்கப்படும் வாரண்ட் அதிகாரி, நேரமாகிவிட்டது என்ற பதற்றம். கேள்வி கேட்டவன் தன் அதிகாரத்தை அசைப்பதாக அவருக்குப் பட்டிருக்கும். அவருக்கும் யாராவது சொல்லித்தர வேண்டும்: பிரிஃபிங் முடிந்ததும் கடைசி வரிசையில் நிற்கும் ஒரு பிரைவேட்டைக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று அவன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அவன் தப்பாகச் சொன்னால் அவனைத் திட்டாதீர்கள், உத்தரவைத் திருத்திச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வாரம் மகன் முகாமிலிருந்து புக்-அவுட் ஆகி வீட்டுக்கு வந்ததும், அன்று அவன் கேட்ட கேள்வி என்ன, அதற்குப் பதில் கிடைத்ததா என்று கேளுங்கள். அவன் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். பதில் இன்னும் கிடைக்கவில்லை என்றால், பிளட்டூன் கமாண்டரைத் தனியே பார்த்து மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கக் கூடாது என்று அன்று நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.